விக்டரின் நாற்பதாம் நாள் கசெட்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. "அப்பா, கலியாண வீடியோவை நீங்கள்தான் எடுக்கோணும்" என்றாய். நான் "பாப்பம்" என்றேன். நீ அதை ஓம் என்று எடுத்துக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டாய். அழைப்புப் பட்டியல் முடிந்துவிட்டது என்றாய். லேனாவின் பக்கத்தில் எல்லோருக்கும் சொல்லியாயிற்று. காசல் நகரில் இருக்கும் வேராவுக்கு மட்டும் இல்லை. லேனாவின் தாய் கலீனா தன் தங்கையின் முகத்தில் விழிக்க மாட்டாராம். "அவ செய்த வேலைக்கு ஆர் கூப்பிடுவினம்?" என்று சொல்லிச் சிரித்தாய்.

அந்த வேலையை வேரா செய்யவில்லை. நான் செய்தேன்.

லேனாவின் அப்பா விக்டரின் நாற்பதாம் நாள் கசெட்டைத் தொலைக்காட்சிக்காரரிடம் கொடுத்தவன் நான். ஆறு வருடமாக அந்தப் பழியை வேரா சுமக்கிறார். உன் திருமணத்துக்கு ஏழு வாரம் இருக்கிறது. அதற்குள் நான் இதைச் சொல்லி முடிக்க வேண்டும். சொல்லாமல் அந்த மண்டபத்தில், உன் மாமியாருக்குப் பக்கத்தில், பட்டு வேட்டியோடு நிற்க என்னால் ஏலாது. சொன்ன பிறகு நிற்க விடுவார்களா என்பது எனக்குத் தெரியாது. அவ்வளவுதான் கடிதம். மிச்சம் எல்லாம் இது எப்படி நடந்தது என்பது. தமிழில் எழுதுகிறேன். வாசிக்க உனக்கு நேரம் எடுக்கும். எடுக்கட்டும். ஜேர்மன் மொழியில், டொச்சில், எழுதினால் என் இலக்கணப் பிழைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன்.

டோர்ட்மண்டில் அந்த மூன்று மாடிக் கட்டடத்துக்கு நாங்கள் குடிவந்தபோது உனக்குப் பன்னிரண்டு வயது. மேல்வீட்டில் விக்டர், கலீனா, லேனா. கசகஸ்தானிலிருந்து வந்தவர்கள். விக்டரின் முன்னோர் ஜேர்மானியர் என்பதால் அவர்களுக்கு வந்த கையோடு ஜேர்மன் பாஸ்போட் கிடைத்தது. எனக்குப் பதினோரு வருடம் எடுத்தது. அதில் எனக்கு எரிச்சல் இருந்தது. ஒருநாள் படியில் வைத்து விக்டர் சொன்னார்: "அங்க எங்களை ஜேர்மன்காரர் எண்டு கல்லால எறிஞ்சவங்கள். இஞ்ச ரஷ்யாக்காரர் எண்டுறாங்கள். நீ அதிஷ்டக்காரன். உன்னை எங்க போனாலும் ஒரே பேர்தான் சொல்லுவாங்கள்." நம் கதை தெரியாமல் சொன்ன பகிடி. சிரித்தேன். அன்றைக்கு எரிச்சல் போய்விட்டது. கலீனா அங்கே பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பித்தவர். இங்கே முதியோர் இல்லத்தில் தரை துடைத்தார். அவருடைய பட்டச் சான்றிதழுக்குச் சிவப்பு அட்டை, அங்கே அதிசிறப்புச் சித்திக்குக் கொடுப்பது. அதை இங்கே எந்த அலுவலகமும் ஏற்கவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்தோடு ஓடிவந்தவன் நான். எனக்குக் காட்ட ஒரு அட்டைகூட இல்லை. வார நாளில் களஞ்சியத்தில் பெட்டி அடுக்கினேன். வார இறுதியில் கமரா. கலியாணம், சாமத்தியவீடு, சாவீடு.

சாவீட்டை வீடியோ எடுப்பது உனக்குப் பிடிக்காது. சின்ன வயதில் "ஏனப்பா செத்த ஆளை எடுக்கிறியள்?" என்று கேட்டிருக்கிறாய். நான் அப்போது பதில் சொன்னேனா என்று ஞாபகம் இல்லை. இப்போது சொல்கிறேன். நம் ஆட்களில் பாதிப் பேர் தாய் தகப்பனின் சாவுக்குப் போகவில்லை. விசா இல்லை, பாதை இல்லை, போனால் திரும்பி வர முடியாது. ஆகவே எடுத்து அனுப்பினார்கள். என் அப்பாவின் சாவை நான் இந்த வீட்டு வரவேற்பறையில், மூன்று வாரம் பிந்தி, இரண்டரை மணித்தியாலக் கசெட்டில் பார்த்தேன். துக்கம் விசாரிக்க வந்த விக்டரும் கலீனாவும் எழுந்து போகவில்லை. எங்களோடு இருந்து முழுக்கப் பார்த்தார்கள். பறை அடித்தது, பந்தம் பிடித்தது, எல்லாம். முடிவில் கலீனா சொன்னார்: "இது நல்ல பழக்கம். தூரத்தில இருக்கிற ஆளுக்கு ஒரு சாவை முழுசாக் குடுக்கிறீங்கள்."

அதனால்தான், விக்டர் வேலைத்தளத்தில் மாரடைப்பில் விழுந்து இறந்த பிறகு, கலீனா கீழே இறங்கி வந்தார். விக்டரின் தாய் கசகஸ்தானில் இருந்தார். பயணம் செய்யும் உடம்பு இல்லை. "உங்கட அப்பாவுக்குச் செய்த மாதிரி எனக்குச் செய்து தாங்கோ" என்றார். அடக்கம் அவசரத்தில் முடிந்துவிட்டது. நாற்பதாம் நாள் வந்தது. அவர்களிடம் நாற்பது, நம்மிடம் முப்பத்தொன்று. அந்த நாளை நான் எடுத்தேன்.

நீயும் அங்கே இருந்தாய். என்றாலும் நான் பார்த்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் நான் கமரா வில்லை வழியாகப் பார்த்தேன், இப்போதும் ஒவ்வொரு ஷொட்டும் தெரியும். நீள மேசை. தலைமாட்டில் விக்டரின் படம். படத்துக்கு முன்னால் ஒரு சிறு கிளாஸ் நிறைய வொட்கா, அதன் மேல் ஒரு துண்டு கறுப்புப் பாண். அந்தக் கிளாஸை யாரும் தொடக்கூடாது. அது இறந்தவருடையது. எட்டாம் நாள் எட்டுச்செலவுக்கு நாங்கள் சாராயமும் சுருட்டும் படைப்பதில்லையா, அதுதான். தேனும் முந்திரிகை வற்றலும் போட்டு அவித்த கோதுமை வந்தது. உன் அம்மா ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு "எங்கட சக்கரைப் புக்கை போல கிடக்கு" என்றார். அம்மா சுட்டுக்கொண்டுபோன வடையும் அந்த மேசையில் இருந்தது. எல்லோரும் குடித்தார்கள். கிளாஸோடு கிளாஸ் முட்டவில்லை. இறந்தவருக்காகக் குடிக்கும்போது முட்டக்கூடாது என்று வேரா எனக்கு மெதுவாகச் சொன்னார். அந்தச் சத்தமில்லாமை என் மைக்கில் பதிவாகியிருந்தது. பிறகு ஒருவர் விக்டர் பதினாறு வயதில் டிரக்டரை ஆற்றுக்குள் விட்ட கதையைச் சொன்னார். கலீனா சிரித்தார். நாற்பது நாளில் முதல் சிரிப்பு. சிரித்துக்கொண்டே முகத்தை மூடினார். நான் கமராவை அவரிடமிருந்து எடுக்கவில்லை. நல்ல ஷொட் என்று நினைத்தேன்.

இரண்டு கொப்பி அடித்தேன். ஒன்று கலீனாவின் அலுமாரிக்கு. மற்றது வேராவிடம் போனது. அவருக்குத் தெரிந்த ஒரு பெடியன் கசகஸ்தானுக்குப் போனான், அவன் கையில் விக்டரின் தாய்க்குக் கொடுத்தனுப்ப. மூலப் பதிவான மாஸ்டர் கசெட் என்னிடம் இருந்தது. மாஸ்டரை யாரும் கொடுப்பதில்லை. அது தொழில் வழக்கம். பெயரும் திகதியும் எழுதி நிலவறையில் அடுக்கி வைத்திருப்பேன். வாடிக்கையாளர் அதைக் கேட்பதும் இல்லை. அப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. கலீனாவுக்கும் தெரியாது. பின்னால் வந்த எல்லாம் இந்த ஒரு தெரியாமையின் மேல் நின்றது.

அடுத்த வருடம் தொலைக்காட்சிக்காரர் வந்தார்கள். எந்தச் சானல் என்று எழுதமாட்டேன். அந்த வருடங்களில் எதைத் திருப்பினாலும் ஒரு ரஷ்யப் பெண் இருந்தாள் என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். விமான நிலையத்தில் பூவோடு நிற்கும் கிழட்டு மாப்பிள்ளையிடம் வந்து சேருகிற மனைவி. புலித்தோல் அச்சடித்த மேலங்கி போட்டுக்கொண்டு சந்தைக்குப் போகிற தாய். மகளை அழகுராணிப் போட்டிக்குத் தள்ளுகிற தாய். எல்லோருக்கும் ஒரே பலலைக்கா இசை. கமரா எப்போதும் குதிக்காலில் தொடங்கி மேலே ஏறும். குளிர்ப்பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லி அதில் போத்தல் இருக்கிறதா என்று பார்க்கும். பிறகு பின்னணியில் ஒரு ஆணின் குரல் வரும். இனிய குரல். கோபமே படாத, எல்லாவற்றுக்கும் புன்னகைக்கிற குரல். அந்தக் குரலைக் கேட்டால் எனக்கு இப்போதும் வாய்க்குள் புளிக்கிறது. அருவருப்பு என்ற சொல்லைத் தேடிப் பார்த்துத்தான் எழுதுகிறேன். கோபம் என்றால் சுத்தமாக இருந்திருக்கும். இது, சோற்றுக்குள் தலைமயிரைக் கண்டது போன்றது. பாதிச் சோறு ஏற்கெனவே வயிற்றுக்குள் போய்விட்டது.

கலீனா ஏன் சம்மதித்தார் என்று நீ ஒருமுறை லேனாவிடம் கேட்டுச் சண்டை வந்தது. கலீனா என்னிடம் சொன்ன காரணம் இது. தனியாகப் பிள்ளை வளர்க்கும் பெண்களைப் பற்றிய நிகழ்ச்சி என்று அவர்கள் சொன்னார்கள். சான்றிதழைக் காட்டலாம் என்றும் சொன்னார்கள். எங்காவது ஒரு பள்ளி அதிபர் பார்ப்பார், ஆய்வுகூடத்திலாவது ஒரு வேலை கிடைக்கும் என்று அவர் நம்பினார். அந்தச் சிவப்பு அட்டையை ஒரு மணித்தியாலம் எடுத்தார்கள். சன்னல் வெளிச்சத்தில், மேசையில், கையில். நிகழ்ச்சியில் ஒரு செக்கன்கூட வரவில்லை.

ஐந்து நாள் எடுத்தார்கள். மூன்றாம் நாள் அவர்களுடைய பொறுப்பாளன் படியால் இறங்கும்போது என் வாசலில் நின்ற விளக்குத் தாங்கியைக் கண்டான். முப்பது வயது இருக்கும். உள்ளே வந்தான். என் கமராவைப் பார்த்தான். எடிற்றிங் மேசையைப் பார்த்தான். என்னைப் பார்த்து "கொலேகே" என்றான். சகதொழிலாளி. இந்த நாட்டில் பதினெட்டு வருடத்தில் எந்த ஜேர்மானியனும் கமராவை வைத்து என்னை அப்படி அழைத்ததில்லை. களஞ்சியத்தில் அழைப்பார்கள், அது வேறு. தேநீர் போட்டுக் கொடுத்தேன். மேல்வீட்டில் எடுத்தது எல்லாம் மிகவும் துக்கமாக இருக்கிறது, உயிர் இல்லை என்று குறைப்பட்டான். "இந்தக் குடும்பம் சேர்ந்து இருக்கிற மாதிரி, கொஞ்சம் கலகலப்பா, உங்களிட்ட ஏதும் இருக்கா?" நான் நிலவறைக்குப் போனேன்.

இதில் என்னை நான் காப்பாற்றிக்கொள்ள ஒரு வழி உண்டு. இது செத்தவீட்டு நாற்பதாம் நாள் என்று அவனிடம் சொன்னேன். சொன்னது உண்மை. அவன் தலையாட்டினான். "விளங்குது" என்றான். ஆனால் மேலே இருபத்திரண்டு படி ஏறிக் கலீனாவிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார் என்று எனக்குத் தெரியும். அவன் போகும்போது, "இரண்டாவது கமராக்காரர் தேவைப்பட்டால் கூப்பிடுறன்" என்றான். கூப்பிடவில்லை. கூப்பிடுவான் என்று நான் நாலு மாதம் காத்திருந்தேன். நிகழ்ச்சி வந்த பிறகும் காத்திருந்தேன். இந்தக் கடிதத்தில் எழுதக் கூச்சமான வரி இதுதான்.

நிகழ்ச்சி ஒரு செவ்வாய்க்கிழமை எட்டேகாலுக்கு வந்தது. நம் வீட்டில் ஒன்பது பேர். பக்கத்துவீட்டார் ரீவியில் வருகிறார் என்று கொலோன் மாமாவும் குடும்பமும் காரில் வந்திருந்தார்கள். நீ மேலே லேனாவோடு பார்த்துக்கொண்டிருந்தாய். அம்மா ரோல்ஸ் பொரித்திருந்தார். முதல் பத்து நிமிடம் நாங்கள் சிரித்தோம். ஓம், நானும். கலீனாவின் டொச்சுக்குக் கீழே எழுத்துப் போட்டிருந்தார்கள், ஒழுங்காக விளங்கும் டொச்சுக்கு. மாமா, "எங்கட டொச்சுக்கு எழுத்துப் போட்டா ரீவி முழுக்க எழுத்துத்தான்" என்றார். சிரித்தோம். கலீனா குதிக்கால் சப்பாத்தோடு குப்பை கொட்டப் போனார். அவர் ஒருநாளும் அப்படிப் போனதில்லை, போடச் சொல்லியிருப்பார்கள். அதற்கும் சிரித்தோம். பிறகு என் ஷொட் வந்தது.

விக்டரின் படம் இல்லை. சட்டத்துக்கு வெளியே வெட்டியிருந்தார்கள். பாண் துண்டும் இல்லை. கிளாஸ் மட்டும். பிறகு பல கைகள், பல கிளாஸ்கள். இனிய குரல் சொன்னது: கலீனாவின் வீட்டில் குடிப்பதற்குக் காரணம் தேவையில்லை. கிளாஸ்கள் முட்டும் சத்தம் கேட்டது. தம்பி, அந்தச் சத்தம் என் கசெட்டில் இல்லை. யாரும் முட்டவில்லை. அவர்கள் வேறெங்கிருந்தோ எடுத்துச் சேர்த்தார்கள். கலீனா சிரித்தார். முகத்தை மூடுவதற்கு ஒரு கணம் முன்னால் வெட்டினார்கள். அடுத்த ஷொட்டில் லேனா தன் அறையில் தனியாக அழுதாள். அப்பாவைப் பற்றி அவளிடம் மூன்று தடவை கேட்டு, மூன்றாம் தடவை கிடைத்த அழுகை என்று நீ பின்னால் சொன்னாய். தாய் குடித்துச் சிரிக்க, மகள் அடுத்த அறையில் அழுகிறாள். இரண்டுக்கும் இடையில் எட்டு மாதம். பார்க்கிறவனுக்கு இடையில் ஒரு கதவு மட்டும்.

"பாருங்கோ, பொம்பிளையளும் என்ன குடி" என்றார் மாமா, வாயில் ரோல்ஸோடு.

அம்மா எழுந்து ரீவியை நிற்பாட்டினார். "அண்ணை, அது செத்தவீடு. நான் அங்க நிண்டனான். என்ர வடை கிடக்குது அந்த மேசையில." பிறகு என்னைப் பார்த்தார். "இஞ்சேருங்கோ, இது நீங்கள் எடுத்ததல்லோ? இவங்களிட்ட எப்பிடிப் போனது?"

எட்டுப் பேர் என்னைப் பார்த்தார்கள்.

"வேராட்டப் போன கொப்பியாக்கும்" என்றேன்.

அவ்வளவுதான். யோசித்துச் சொல்லவில்லை. முதலில் வாயில் வந்த பெயர். அம்மா அடுத்த நாள் மேலே போனார். கலீனாவைக் கட்டிப்பிடித்து அழுதார். ஆறுதலுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. என்னிடம் வாங்கிய பெயரைக் கொடுத்தார். கலீனா காசலுக்குத் தொலைபேசி எடுத்தார். வேரா இல்லை என்றார், சத்தியம் செய்தார். கலீனாவுக்குத் தெரிந்து இரண்டே கொப்பி. ஒன்று தன் அலுமாரியில் இருக்கிறது. கலீனா கணக்குத் தெரிந்த ஆள், இரசாயனம் படிப்பித்தவர். அக்காளும் தங்கையும் அதற்குப் பிறகு பேசவில்லை.

மிச்சம் உனக்கு என்னைவிடத் தெரியும். முதியோர் இல்லத்தில் ஒரு மூதாட்டி கலீனாவின் கையால் தண்ணீர் வாங்க மறுத்தது. லேனா மூன்று வாரம் பள்ளிக்கூடம் போகாதது. பஸ் தரிப்பில் எவனோ அவளைப் பார்த்துக் கிளாஸ் தூக்குவதுபோல் கை காட்ட, நீ அவனோடு கட்டிப் புரண்டு உதடு கிழிந்து வந்தாய். குளியலறையில் உன்னை இருத்தி நான்தான் பஞ்சால் துடைத்தேன். "அந்தக் கசெட்டைக் குடுத்த நாயைக் கண்டா விடமாட்டன்" என்றாய். "பேசாமல் இரு, எரியும்" என்றேன். பஞ்சைப் பிடித்திருந்த கை நடுங்கவில்லை. அதைத்தான் இப்போது யோசிக்கிறேன். ஏன் நடுங்கவில்லை?

அதற்குப் பிறகு அந்த நிகழ்ச்சிகளை நான் தவறாமல் பார்த்தேன். உன் அம்மாவுக்கு அது விளங்கவில்லை. "தூ, அந்தக் கழுதையளை ஏன் பாக்கிறியள்?" என்பார். எங்கே வெட்டுகிறார்கள் என்று பார்த்தேன். எந்தச் சத்தம் பிறகு வைத்தது, எந்த அழுகை இரண்டாம் தடவை. கொஞ்ச நாளில் எனக்கு எல்லாம் தெரிந்தது, ஏனென்றால் எல்லாம் நான் செய்வதுதான். ஹாகனில் ஒரு சாமத்தியவீடு. பூப்படைந்த பதின்மூன்று வயதுப் பிள்ளை, தலையில் அரைக் கிலோ பூ, பல்லக்கில் இருத்தித் தூக்கி வந்தார்கள். நான் பாதத்தில் தொடங்கி மேலே ஏறினேன். கொலுசு, ஒட்டியாணம், முகம். அதே ஏற்றம். பிள்ளைக்குக் களைப்பு. "இன்னொருக்கா நடவுங்கோ பிள்ளை, சிரிச்சுக்கொண்டு" என்றேன். ஒரு கலியாணத்தில் பெண்ணின் தாய் மகளைப் பிரியும்போது அழுதார், விளக்கு சரியில்லை. "அன்ரி, இன்னொருக்கா" என்றேன். அவர் கண்ணைத் துடைத்துவிட்டு இன்னொருக்கா அழுதார். மறுக்கவில்லை. கமராக்காரர் சொன்னால் நம் ஆட்கள் மறுப்பதில்லை. அதற்குப் பிறகு நான் புக்கிங் எடுப்பதைக் குறைத்தேன். உனக்கு முதுகு வலி என்று சொன்னேன். அதுவும் பொய். இனிக் கலியாணங்களுக்குக் கமரா தூக்கமாட்டேன். உன்னுடையதற்கும். வேறு ஆளைப் பார். ஆனால் அவன் யாரையாவது "இன்னொருக்கா" என்றால், அவனை அனுப்பிவிடு.

உன் நிச்சயத்தைக் கேள்விப்பட்டுக் கொலோன் மாமா தொலைபேசி எடுத்தார். "மச்சான், ரஷ்யாக்காரியே எடுக்கிறான்? ரீவியில வந்த அந்தக் குடும்பம் எல்லே?"

"ஓம். அந்தக் குடும்பந்தான்."

"பெட்டை நல்ல பிள்ளை, ஒண்டும் சொல்லேல்லை. தாயைத்தான்... மண்டபத்தில வெறி கிறியெண்டு நிண்டு, எங்கட சனத்துக்கு முன்னால... நீர் ஒருக்கா முதலே சொல்லி வையும்."

"அத்தான், உங்கட மூத்தவன்ர கலியாணத்தில குடிச்சுப்போட்டுக் கார்த் தரிப்பிடத்தில சத்தி எடுத்துக்கொண்டிருந்த ஆள் ஆர்?"

"அது வேற" என்றார்.

அது வேறதான். அவரைப் படம் பிடித்தது நான். வெட்டி எறிந்ததும் நான். நம் ஆட்களின் வெறியை வெட்டி எறிய நம்மிடம் ஒரு ஆள் இருந்தான். கலீனாவுக்கு இருக்கவில்லை. ஆறு வருடம் கழித்தும் மாமாவின் தலைக்குள் ஓடுவது என் ஷொட். அவரிடம் கோபப்பட எனக்கு உரிமை இல்லை. அந்தப் படத்தைக் கொடுத்தவன் நான். இந்தக் கடிதத்தை நம் ஆட்கள் வாசிக்கிற சஞ்சிகை ஒன்றுக்கும் கொடுக்க விரும்புகிறேன். பெயர்களை மாற்றித்தான் கொடுப்பேன். அன்றைக்கு நம் வீட்டில் இருந்தவர்களும், மற்ற வீடுகளில் இருந்து பார்த்தவர்களும், இது செத்தவீடு என்று அறிய வேண்டும். ஆனால் கலீனாவும் வேராவும் ஓம் என்ற பிறகுதான் கொடுப்பேன். நீயும் லேனாவும் சொல்ல வேண்டும். நால்வரில் ஒருவர் வேண்டாம் என்றாலும் இது உன்னோடு நிற்கும்.

திங்கட்கிழமை அம்மாவிடம் சொன்னேன். அவர் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டி முடித்தார். கத்தியைக் கழுவினார். "அப்ப அந்தப் பழி என்ர வாயால போயிருக்கு" என்றார். பிறகு, "நான் உங்களோட வந்து நிண்டு மன்னிப்புக் கேக்கமாட்டன். என்ர பங்கை நான் தனியப் போய்ச் சொல்லுவன்" என்றார். இன்று வியாழன். இன்னும் என்னோடு கதைக்கவில்லை. சாப்பாடு போடுகிறார்.

நேற்று மதியம் வேராவுக்குத் தொலைபேசி எடுத்தேன். இலக்கம் அம்மாவின் பழைய கொப்பியில் இருந்தது. யார் என்று கேட்டார். சொன்னேன். விக்டரின் மேசைக்கு வடை கொண்டுவந்த கீழ்வீட்டுக்காரர் என்று அவருக்கு ஞாபகம் வந்தது. நேராகச் சொன்னேன்: மூன்றாவது கசெட் ஒன்று இருந்தது, அது என்னிடம் இருந்தது, நான் கொடுத்தேன், உங்கள் பெயரைச் சொன்னேன். எங்கள் இருவருடைய டொச்சும் உடைந்த டொச். அதனால் எல்லாம் நாலு வசனத்தில் முடிந்துவிட்டது.

மறுமுனையில் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது.

"உங்களுக்குத் தெரியுமா," என்றார், "மூண்டாவது வருசம் எனக்கே சந்தேகம் வந்திட்டுது. நான்தான் குடுத்தனானோ, குடுத்திட்டு மறந்திட்டனோ எண்டு. கசெட்டைக் கொண்டுபோன பெடியனைக் கேட்டன். அவன் தாய்மேல ஆணையிட்டான். நம்பேல்லை. அவனோடயும் கதையில்லை. ஒவ்வொரு ஆளா யோசிச்சன். உங்களை ஒருநாளும் யோசிக்கேல்லை."

நான் மன்னிப்புக் கேட்டேன்.

"ஏன் இப்ப?"

"மகனுக்குக் கலியாணம்."

"அப்ப மகனுக்காக. எனக்காக இல்லை."

இல்லை என்று சொல்ல வாய் போனது. பிறகு, "ஓம்" என்றேன். "மகனுக்காகத்தான்."

"சரி. இதையாவது உண்மையாச் சொன்னீங்கள்." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "கலீனாட்டத் தனியப் போய்ச் சொல்லக் கூடாது. சொல்லி, அழுது, எனக்குப் பின்னால விசயத்தை முடிச்சிட்டு வரக் கூடாது. சனிக்கிழமை மூண்டு மணிக்கு நான் அங்க நிப்பன். வாசலில. நீங்கள் மணியை அடியுங்கோ. அவ கதவைத் திறக்கட்டும், என்னைக் காணட்டும், நீங்கள் சொல்லுங்கோ. உள்ளுக்க விடுறாவோ இல்லையோ, அது அவவின்ர பாடு."

ஆகவே சனிக்கிழமை மூன்று மணி. கலீனாவுக்குத் தெரியாது. லேனாவுக்குத் தெரியாது. இந்தக் கடிதத்தை வாசித்ததும் லேனாவிடம் நீ சொல்லலாம், சொல்லாமல் விடலாம். அவள் என் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்றால் அவளோடு நில். திருமணத்துக்கு வராதே என்று நீ எழுதினால் வரமாட்டேன். ஏன் என்று ஒருவரிடமும் முறையிடவும் மாட்டேன். வேராவின் பெயரை மட்டும் பட்டியலில் எழுது. அதை நான் கேட்கலாம் என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமைக்கு நீ வருவதானால் ஒன்று. பத்து வயதிலிருந்து எனக்காகப் பேசியவன் நீ. வெளிநாட்டவர் அலுவலகத்தில், டொக்டரிடம், வீட்டுக்காரனிடம். நான் தமிழில் கத்துவேன். நீ அதை மரியாதையான டொச்சாக மாற்றிச் சொல்வாய். நான் அரைகுறையாகச் சொல்வதை நீ முழுதாக்குவாய். என் பொய்களைக்கூடத் திருத்தி, நம்பக்கூடியதாக்கிச் சொல்லியிருக்கிறாய், பொய் என்று தெரியாமலே. அந்த வாசலில் லேனாவின் பக்கத்தில் நில். என் பக்கத்தில் வேண்டாம். எனக்குச் சொல் வராமல் போகும், அது நிச்சயம். கலீனா என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். வேரா பார்த்துக்கொண்டிருப்பார். நான் வாயைத் திறந்தபடி நிற்பேன். நிற்கவிடு. ஒரு சொல்லும் எடுத்துக் கொடுக்காதே.

அப்பா